சின்சில்லா முடியில் ஒரு குல்லா

வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் ஆணும் பெட்டையுமாக இரண்டு சின்சில்லாக்களை வாங்கிக்கொண்டு வந்தார். முயலும் எலியும் கலந்த மாதிரி, இரண்டு கையால் அள்ளுகிற அளவில், சாம்பல் நிறப் பிராணிகள்.

"வீட்டுல போரடிக்குதுன்னுதான வேலைங்குற? இதுகளப் பாத்துக்க, பொழுது போயிரும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தார்கள். கார்த்திகைக் கடைசிவரை பொறுப்போம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இதுகளோ மலைக்குளிரில் பிறந்த சாதி. சிவகாசி வெயில் பட்டால் போய்ச் சேர்ந்துவிடும். ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட ஆள் வேண்டும். அந்த ஆள் நான். காய்கறி வாங்கப் போனால்கூடப் பாதியில் ஓடி வருவேன். போதாததற்குச் சத்தமும் ஆகாது. பட்டாசுக் கம்பெனிக்காரர் வீட்டில் சத்தம் ஆகாத பிராணி! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? ஜன்னலை இறுக்கிச் சாத்தி, மெத்தையைச் சாய்த்து வைத்தேன். அந்த அறைக்குள் அவற்றோடு நானும் அடைந்துகிடந்தேன்.

சீவிவிடும்போது சீப்போடு முடி வரும். அவ்வளவு மிருது, தூரப் போட மனசு வராது. போனில் பார்த்துத் தக்ளியில் நூற்கப் பழகினேன். முடி ரொம்பக் குட்டை. தனியாக நூற்றால் அறுந்தது. ராஜபாளையம் பஞ்சோடு கலந்த பிறகுதான் நூலாக நின்றது. ஒரு சாண் பின்னியதும் மாமியார் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏத்தா, எம்புட்டு மெத்துன்னு இருக்கு! மார்கழியில காசிக்குப் போறேன்ல, காதை மூடுற மாதிரி ஒரு குல்லா பின்னிக் குடேன்."

அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டேன். "குல்லாவ முடிச்சா நான் வேலைக்குப் போவேன். சம்மதமாங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"போ. ஏசிய நான் பாத்துக்கிறேன்" என்றார், எங்கே முடிக்கப்போகிறாள் என்ற தைரியத்தில்.

அதுவும் சரிதான். வாரம் முழுக்கச் சீவினாலும் ஒரு சிட்டிகைதான் தேறும். கார்த்திகை பாதி கழிந்தபோது குல்லாவும் பாதியில் நின்றது.

அந்த வாரம் கல்யாண சீசன் ஆர்டருக்காக வடக்கத்தி வியாபாரிகள் வந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் கம்பெனி ஆட்கள் அவர்களுக்குச் சாம்பிள் வெடித்துக் காட்டினார்கள். ஜன்னல் சரியாகச் சாத்தவில்லைபோல. முதல் வெடிக்கே பெட்டை அலறிக் குதித்தது. பிடிக்கப்போன என் கையில் கொத்தாக முடியை விட்டுவிட்டு ஓடியது. பயந்தால் அப்படி முடியை உதறிவிட்டுத் தப்புவது அதன் சுபாவமாம். ஒரு மாதம் சீவினால் கிடைக்கிற முடி என் கையில் இருந்தது.

மறுநாள் ஜன்னலைத் திறந்தது நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தே திறந்தேன். வெடிக்கிற நேரம் பார்த்துப் பெட்டையைப் பிடித்தேன். அதற்கு மறுநாளும்.

குல்லா முடிந்தது. மாமியார் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். பெட்டைக்கு விலாப்பக்கம் மொட்டையாகத் தோல் தெரிந்தது. தீனியைத் தொடவில்லை, என் கையைக் கண்டாலே மூலைக்குள் ஒடுங்கி நடுங்கியது. இரண்டு மணிக்கொருதரம் கரைத்து வாயில் ஊட்டினால்தான் பிழைக்கும் என்றார் மருத்துவர். வேறு யார் ஊட்டினாலும் அது விழுங்கவில்லை. நடுங்கிக்கொண்டே என்னிடம் மட்டும் விழுங்கியது. பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

வீட்டுக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "திங்கக்கிழம போய்ச் சேந்துக்க. ஸ்கூட்டர சர்வீசுக்கு விட்டுருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டு, வர முடியாது என்றேன்.

"வீட்டுல விட மாட்டேங்கிறாங்களாம்மா?" என்று அந்த அம்மா கரிசனமாகக் கேட்டார்.

"ஆமா மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சர்வீஸ் முடிந்த ஸ்கூட்டரின் சாவியோடு வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நானா விட மாட்டேன்னேன்?" என்றார்.

ஜன்னலைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.