தோற்றவர் நாற்காலி தர வேண்டும்

1. ஹூட்டரும் பூஜ்யமும்

பணியில் சேர்ந்த முதல் நாளே ஓர் ஆட்டத்தின் ஸ்கோரை அழித்தேன். எனக்குப் பின் இந்த வேலைக்கு வருபவர்கள் அதைச் செய்யாதிருக்கவும், செய்துவிட்டால் மனம் உடையாதிருக்கவும் இக்குறிப்பை எழுதுகிறேன்.

இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைத்த வேலை அது: வீல்செயார் ரக்பி லீக் நாக்-அவுட் போட்டியில் நேரமும் ஸ்கோரும் குறிக்கும் மேசை அலுவலர். பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஓர் உள்ளரங்கில் ஆட்டங்கள் நடக்கும். எட்டு அணிகள்; ஒருமுறை தோற்றால் வெளியே. அணிக்கு ஐவர், ஐவரும் சக்கர நாற்காலியில். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம். நடக்க முடிந்தவர்களும் நாற்காலியில் அமர்ந்து ஆடலாம். தோளில் ஒட்டியிருக்கும் டேக் என்ற துணிப்பட்டையைப் பிடுங்கினால் அவரை மடக்கியதாகக் கணக்கு. பந்தைக் காலால் உதைப்பதற்குப் பதில் முஷ்டியால் குத்துவார்கள். இவ்வளவையும் விதிப்புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்துவிட்டே சென்றேன்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிடவில்லை. நேரம் முடிந்ததை அறிவிக்கும் ஹூட்டர் ஒலித்ததும் ஆட்டம் முடிந்துவிடாது. பந்து வைத்திருப்பவரை மடக்கும்வரை அது தொடரும். நான் குறித்த நொடியில் ஹூட்டரை அழுத்தினேன். அழுத்திய கையோடு ஸ்கோர்போர்டைப் பூஜ்யமாக்கினேன். பேனாவையும் மூடிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது பத்துப் பேர் இன்னும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

போட்டியை நடத்தியவர் செந்தில் அண்ணா. மதுரைக்காரர், ஐடி வேலை, எதையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் பார்க்காமல் நம்பாதவர். அவர் ஓடி வந்தார்.

“என்னம்மா இது, ஸ்கோரையே காணோம்?”

“அழிச்சிட்டன், அண்ணா.”

“பேப்பர்ல எழுதி வச்சிருப்பீங்கள்ல?”

பயிற்சி ஆட்டம்தானே, தாள் வேண்டாம் என்று சொன்னவர் அவரே. அதை நான் நினைவூட்டவில்லை. ஸ்கோர் என்ன என்று இரு அணிகளையும் கேட்டோம். ஏழு விடைகள் வந்தன. உறுதியாகச் சொன்னவர் ஒருவரே: பாபடோயிட்டோய் அணித்தலைவர் யோகன்.

“நாங்கள் ரெண்டால முன்னுக்கு. நான் கோயில்ல நிண்டும் சொல்லுவன்.”

செந்தில் அண்ணா ஆட்டம் சமன் என்று அறிவித்தார். தாம் தோற்காத ஆட்டம் என்று யோகன் அங்கிள் அதை இன்றும் சொல்கிறார். அது ஏன் அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

2. பெட்டிக்குள் இருந்த வரலாறு

“நீங்க லிட்ரேச்சர்தானே?” என்றார் செந்தில் அண்ணா. “ஃபைனலுக்கு ஒரு புக்லெட் போடுறோம். நம்ம போட்டியோட ஹிஸ்டரி. நோட்டெல்லாம் இந்தப் பெட்டியில இருக்கு. உண்மைய மட்டும் எழுதுங்க, போதும்.”

உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. முதல் ஆண்டில் மூன்றே அணிகள். ஒன்றுக்கு எதிராளி இல்லாததால் அது ஆடாமலே இறுதிக்குச் சென்றது. இறுதியன்று அதன் வேன் வழியில் நின்றுவிட்டதால் இறுதியிலும் ஆடவில்லை. ஒருமுறைகூடப் பந்தைத் தொடாமல் இரண்டாம் இடம் பெற்ற அணி என்று எழுதினேன், யாரும் மறுக்கவில்லை. இரண்டாம் ஆண்டின் செயலாளர் உணவில் கருத்துள்ளவர். “அரையிறுதி: நல்ல ஆட்டம். சாசேஜ் தீர்ந்துவிட்டது” என்பதே அவருடைய முழுப் பதிவு. மூன்றாம் ஆண்டில் அரங்கத்தை ஒரு திருமண வரவேற்புக்கும் அதே நேரத்தில் கொடுத்திருக்கிறார்கள். “மணமகன் இரண்டாம் பாதியில் ஆடினார்” என்று ஒரு வரி இருக்கிறது. எந்த அணிக்கு என்று இல்லை.

எல்லா நோட்டுகளிலும் மாறாமல் இருந்த செய்தி ஒன்றே. பாபடோயிட்டோய்: முதல் சுற்றில் தோல்வி. ஒன்பது ஆண்டுகள், ஒன்பது முறை.

யோகன் அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே நடந்த ஒரு விபத்தில் முதுகு அடிபட்டு, பதினைந்து ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். விளையாடுவதற்கான நாற்காலியைத் தாமே வெல்டிங் செய்து கட்டியிருந்தார். அதன் எண் ஏழு. அதன்மேல் துவாய் காயப்போட்டதற்காகத் தம் மனைவியோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தவர் என்று அவர் மனைவியே எனக்குச் சொன்னார். தோள் தேய்ந்துவிட்டது, இந்தப் பருவத்தோடு நிறுத்த வேண்டும் என்று ஃபிசியோ கூறியிருந்தார்.

நான் எழுதிக்கொண்டிருப்பதை அறிந்து, ஒரு பெட்டி ரோல்ஸோடு மேசைக்கு வந்தார்.

“பிள்ளை, எங்கட பகுதியைக் கொஞ்சம் வடிவா எழுதுங்கோவன். ‘கடும் போட்டிக்குப் பிறகு’ எண்டு ஒரு சொல்லுப் போட்டால் என்ன?”

புத்தகம் ஆங்கிலத்தில், அதைப் பற்றிய வழக்காடல் தமிழில்.

“போன வருசம் அறுபத்திரண்டுக்கு எட்டு, அங்கிள்.”

“அந்த எட்டையும் கடுமையாத்தான் எடுத்தனாங்கள்.”

“அதுக்கு முதல் வருசம் எழுபதுக்கு நாலு.”

“சரி, அது கடுமையில்லை. விடுங்கோ.” சற்று நேரம் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். “பேரப்பிள்ளையள் வாசிக்கப்போற புத்தகம். ஒம்பது தரமும் அதே வசனம். ஒருக்கால், ஒரேயொருக்கால், வேற வசனம் வராதோ?”

“வெண்டால் எழுதுவன், அங்கிள். இல்லாததை எழுத ஏலாது.”

“ரோல்ஸாவது சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டேன். வசனத்தை மாற்றவில்லை.

3. யோகன் முன்மொழிந்த விதி

முதல் சுற்றுக்குப் பத்து நாள் இருந்தபோது, சொந்த நாற்காலி போதாத அணிகள் இரவல் வாங்கி ஆடும் பொது நாற்காலிகளைச் சோதித்தார்கள். பன்னிரண்டில் ஏழின் வெல்டிங் வெடித்திருந்தது. இந்த ஆண்டு போட்டியே வேண்டாம் என்று செந்தில் அண்ணா ஸ்ப்ரெட்ஷீட்டை மூடப் போனார். அப்போது முதல் ஆண்டு நோட்டில் நான் படித்த ஒரு விதி நினைவுக்கு வந்தது. அணித்தலைவர்கள் கூடியபோது எழுந்து வாசித்தேன். பொதுவாக நான் கூட்டங்களில் எழுவதில்லை.

“தோற்ற அணி, வென்ற அணிக்குத் தேவைப்படும் நாற்காலிகளைப் போட்டி முடியும்வரை தர வேண்டும். மறுக்கக் கூடாது.”

நாற்காலிகள் போதாத காலத்தின் விதி. பின்னர் யாரும் அதை நீக்கவில்லை, மறந்துவிட்டார்கள்.

“பிரமாதம்!” என்றார் செந்தில் அண்ணா. “முதல் ரவுண்ட மாத்தி மாத்தி சமாளிச்சுக்கலாம். அப்புறம் ரவுண்ட் போகப் போக டீம் குறையும், சேர் மிஞ்சும். யாரு இத எழுதுனது?”

நோட்டில் இருந்ததை வாசித்தேன். “முன்மொழிந்தவர்: யோகன். வழிமொழிந்தவர்: யோகனின் மச்சான்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“அது நாங்கள் வெல்லுவம் எண்டு நினைச்சு எழுதினது,” என்றார் யோகன் அங்கிள்.

முதல் சுற்றில் அவர்களுக்கு வாய்த்தது மவுண்ட் ஆல்பர்ட் அணி. அதன் தலைவி தேவி அக்கா, ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர். சிறிய உருவம், பெரிய குரல். பாபடோயிட்டோய் முப்பதுக்கு இருபத்தெட்டு என்று தோற்றது. இது உண்மையாகவே கடும் போட்டி. நானே அச்சொல்லைப் புத்தகத்தில் சேர்த்தேன். ஆனால் வசனம் பழையபடி “தோல்வி” என்றே முடிந்தது. ஆட்டத்தின் கடைசி மோதலில் தேவி அக்காவின் நாற்காலி அச்சு முறிந்தது. மிஞ்சியிருந்தவை எல்லாம் அகலமானவை. அவற்றில் அவர் அமர்ந்தால் பக்கத்தில் இன்னொருவரும் அமரலாம். அவர் அளவுக்குப் பொருந்தியது ஒன்றே.

யோகன் அங்கிள் ஏழாம் எண்ணை ஒரு துணியால் துடைத்தார். திருகாணிகளைச் சோதித்தார். மீண்டும் துடைத்தார்.

“நாக்காலிய குடுக்குறீங்களா, பொண்ணக் கட்டிக் குடுக்குறீங்களா?” என்றார் தேவி அக்கா. “அழாதீங்க லா அண்ணே.”

“நான் அழேல்லை. மழைக்கு வெளியில விடாதை. அவ்வளவுதான்.”

அரையிறுதிக்கு யோகன் அங்கிள் கருவிப்பையோடு வந்து, கோட்டோரம் தம் வழக்கமான நாற்காலியில் இருந்தபடி கத்திக்கொண்டேயிருந்தார்.

“திரும்பேக்க இழுக்கும்! முதலே பிரேக் பிடி!”

“எதிராளிக்கும் கேக்குதுங்க! ரகசியமா சொல்லுங்க லா!”

மவுண்ட் ஆல்பர்ட் வென்றது. ஏழாம் எண்ணின் முன்பக்கத்தில் சுழலும் சிறுசக்கரமான காஸ்டர் ஒன்று அன்று நெளிந்தது. தம்மிடமிருந்த ஒரே உபரிக் காஸ்டரை யோகன் அங்கிள் மாட்டிக் கொடுத்தார்.

4. இறுதி ஆட்டம்

எதிரணி நார்த் ஷோர். நான் எப்சம் என்ற வேறொரு புறநகரில் வசிப்பவள். எப்சத்துக்கு அணியே இல்லை என்பதால் என் நடுநிலையை எவரும் ஐயுறவில்லை. அன்று எனக்கே சற்று ஐயம் இருந்தது. புத்தகங்கள் நூற்றிருபது பிரதிகள் அச்சாகி என் மேசைக்கு அடியில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் முடிவை எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தோம்.

பன்னிரண்டு நிமிடம் இருக்கையில் மவுண்ட் ஆல்பர்ட் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. இருவர் ஒரே நேரத்தில் மோதியதில் தேவி அக்கா நாற்காலியோடு சரிந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. ஏழாம் எண்ணின் முன் காஸ்டர் ஒன்று வளைந்து தொங்கியது. கடிகாரத்தை நிறுத்தினேன். உபரி இல்லை. நடுவர் ஐந்து நிமிடம் தந்தார்.

நாற்காலியை என் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யோகன் அங்கிள் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து தாம் அமர்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். ஒரே வகை உபரி போதுமென்று இரண்டு நாற்காலிகளுக்கும் ஒரே வகைக் காஸ்டர்களைத்தான் அவர் பொருத்தியிருந்தார்.

“செந்தில், என்னைத் தூக்கி அந்த வாங்கில வையுங்கோ.”

“அண்ணே, அப்புறம் நீங்க எப்படிப் போவீங்க?”

“போறதுக்கு எங்க இடம் இருக்கு? தூக்குமன்!”

வாங்கு என்பது என் மேசைப் பெஞ்சு. செந்தில் அண்ணாவும் நடுவரும் அவரைத் தூக்கி என் பக்கத்தில் அமர்த்தினார்கள். மடியில் கருவிப்பையை வைத்து, தம் நாற்காலியைப் படுக்கவைத்து, காஸ்டரைக் கழற்றி, நான்கரை நிமிடத்தில் ஏழாம் எண்ணில் மாட்டினார். மூன்று சக்கரத்தோடு கிடந்த அவருடைய நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார்கள்.

“விடு, தேவி! இனி உடைச்சால் என்னட்டக் காலுமில்லை, சில்லுமில்லை!” என்று கழற்றிய சக்கரத்தைக் காட்டிக் கத்தினார்.

“அங்கிள்,” என்றேன். “மேசையில இருக்கிற ஆக்கள் சத்தம் போடக் கூடாது. அது விதி.”

“இதையும் நானே முன்மொழிஞ்சன்?”

“இல்லை. இது பொது விதி.”

“கையாவது தட்டலாமோ?”

“ஏலாது.”

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு நிமிடம் அந்த மனிதர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஆடிய ஆட்டங்களிலேயே கடினமானது அதுதான் என்று நினைக்கிறேன். நெற்றி நரம்பு புடைத்தது. என் உபரிப் பென்சிலைக் கடித்து இரண்டாக்கினார். விதியில் அதற்குத் தடையில்லை. இரண்டு நிமிடம் இருக்கையில் தேவி அக்கா மூலையில் புகுந்து, கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி, நான்கு புள்ளி தரும் ட்ரை வைத்தார், ஸ்கோர் சமன். பிறகு கோல்கம்பத்தை நோக்கிப் பந்தை முஷ்டியால் குத்தினார். அது உள்ளே போனது. மவுண்ட் ஆல்பர்ட் இரண்டு புள்ளியில் வென்றது.

வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று எல்லோரும் கோப்பையோடு கார் பார்க்கிங்குக்குப் புகைப்படம் எடுக்க விரைந்தார்கள். தேவி அக்காவும் போனார். ஏழாம் எண்ணும் போனது. அரங்கில் நாங்கள் இருவரும் மூன்று சக்கர நாற்காலியும் மட்டுமே இருந்தோம்.

“இப்ப கதைக்கலாமோ?”

“ஓம், அங்கிள்.”

“என்ர சில்லு எங்க?”

“போட்டோவில நிக்குது.”

சிரித்தார். பிறகு என் மேசையடியில் இருந்த புத்தகங்களைப் பார்த்தார். நான் பிரதிகளை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். தோற்றவரை வென்றவராக எழுத முடியாது. ஆனால் நடந்ததை முழுமையாக எழுதலாம்; மூன்று வரி இடம் இருந்தது. நாற்பது பிரதி முடிந்ததும் ஒன்றை அவரிடம் நீட்டினேன். அதில் ஆங்கிலத்தில் இருந்தது இதுதான்:

வெற்றி: மவுண்ட் ஆல்பர்ட்.
நாற்காலி: எண் 7, யோகன் கட்டியது.
வலது முன் காஸ்டர்: ஆட்டத்தின் நடுவே யோகன் தம் நாற்காலியிலிருந்து கழற்றித் தந்தது.

நெடுநேரம் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“பிழை, பிள்ளை.”

“எது, அங்கிள்?”

“சில்லு. அது இடது.”

“என்ர கண்ணுக்கு முன்னாலதானே மாட்டினீங்கள். வலது.”

“நீங்கள் முன்னுக்கு இருந்து பாத்தனீங்கள். கதிரையில இருக்கிற ஆளின்ர இடதுதான் இடது. பாக்கிற ஆளின்ரயில்லை.”

அவர் சொன்னது சரி. நாற்பது பிரதிகளிலும் பிழை. அவர் கையை நீட்டினார்.

“கொண்டாங்கோ. நீங்கள் வெட்டுங்கோ, நான் எழுதுறன்.”

மற்றவர்கள் திரும்பி வரும்வரை நான் ஒரு சொல்லை அடித்துக்கொண்டேயிருந்தேன். அவர் அதன்மேல் பெரிய எழுத்தில் சரியானதை எழுதிக்கொண்டேயிருந்தார். எஞ்சிய எண்பதையும் நான் சரியாகவே எழுதினேன். ஆயினும் ஒவ்வொன்றையும் வாங்கிச் சரிபார்த்த பிறகே அடுக்கினார்.

மேசை அலுவலராக வருவோர் இதைக் குறித்துக்கொள்ளவும்: எந்தப் பக்கம் என்று எழுதுமுன், நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடம் கேட்க வேண்டும்.