எட்டு மீட்டர் மரியாதை

ஜாவாவின் செமாராங் நகரத்தில் எங்கள் சந்துக்குத் தலைவராவதற்கு ஒரே தகுதிதான் உண்டு: தேர்தல் கூட்டத்துக்கு வராமல் இருப்பது. வந்தவர்கள் தங்கள் இரத்த அழுத்தத்தையும், மகளின் பிரசவத்தையும், அலுவலக வேலையையும் வரிசையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். வராதவருக்குச் சொல்ல வாய் இல்லை. கைதட்டி அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, சேதி சொல்ல மூன்று பேரை அனுப்புவோம். தெம்பே என்கிற சோயாக் கட்டி செய்து விற்கும் வர்சித்தி எங்கள் ஐம்பத்திரண்டு வீடுகளுக்கும் தலைவியானது இப்படித்தான்.

அவள் ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய கூட்டத்தின் முதல் பொருள், மழை பெய்தால் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வருவதை எப்படித் தடுப்பது என்பது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வர்சித்தி தன் சமையலறையிலிருந்து சாக்கடைத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். "பொதுக் காரியத்தில் அக்கறை இல்லாதவர்களால்தான் நம் சந்து இப்படி இருக்கிறது" என்று பழைய தலைவர் பாக் தஸ்லிம் மனம் வருந்திப் பேசியதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். செயலாளருக்கு எழுதுவதுதான் வேலை. நம்ப வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

கூட்டம் முடிந்து மூன்று பேராகப் போனோம். ஆணுக்கு பாக், பெண்ணுக்கு இபு என்று பேருக்கு முன்னால் போடுவது எங்கள் ஊர் மரியாதை. வாசற்படியில் நின்றபடியே பாக் தஸ்லிம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வாழ்த்துகள் இபு வர்சித்தி! எல்லாரும் ஒரே குரலா உங்க பேரைத்தான் சொன்னாங்க."

"எதுக்கு?"

"இனிமே நீங்கதான் சந்துத் தலைவி."

அவள் நிமிர்ந்தாள். முழங்கால்வரை கறுப்புத் தண்ணீர். "அதோ அந்த மூலைல இன்னொரு வாளி கிடக்கு பாக். முதல்ல அதை எடுத்து நாலு தடவை மொள்ளுங்க. அப்புறம் வாழ்த்தலாம்."

"எடுத்திருப்பேன்மா, எடுத்திருப்பேன். கூட்டத்துக்குன்னு பாத்திக் சட்டை போட்டுட்டு வந்துட்டேனே" என்று சொல்லி, சட்டை நனையாமல் பத்திரமாகத் திரும்பினார்.

வர்சித்திக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் சுமத்ராவுக்கு லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பான், அந்த நான்கு நாளும் தூங்குவான். வீட்டை ஓட்டுவது தெம்பேதான். சோயாவை வேகவைத்து, மிதித்துத் தோல் நீக்கி, அலசி, பூஞ்சை வித்துப் பொடி தூவி, வாழை இலையில் பொட்டலம் கட்டித் தட்டில் அடுக்கினால் இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்துக் கட்டியாகிவிடும். அந்த இரண்டு நாளில் சாக்கடைத் தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் மொத்தமும் குப்பைக்குத்தான். அந்த மழைக்காலத்தில் மூன்று முறை குப்பைக்குப் போயிருந்தது. சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பெண்கள், இன்னொரு முறை சரக்கு வரவில்லை என்றால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருட வாடிக்கை இன்னும் ஒரே ஒரு மழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாக்கடை ஏன் பொங்குகிறது என்பது சந்தில் குழந்தைக்கும் தெரியும். வர்சித்தியின் வீட்டுக்கு அடுத்த வீடு பாக் ஹர்சோயோவுடையது. ஓய்வுபெற்ற அதிகாரி, நல்ல மனிதர். அந்த நல்ல குணம்தான் எங்களுக்கு வினையாக வந்தது. பதினோரு வருடங்களுக்கு முன்பு தன் காரை நிறுத்துவதற்காக வீட்டுக்கு முன்னால் சாக்கடையின்மேல் எட்டு மீட்டருக்கு சிமென்ட் தளம் போட்டார். மூடி இல்லை, துவாரம் இல்லை, தூக்கிப் பார்க்க வழியில்லை. உள்ளே என்ன அடைத்திருக்கிறதோ கடவுளுக்கே வெளிச்சம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாக்கடையைச் சுத்தம் செய்வோம். கெர்ஜா பக்தி என்று அதற்குப் பெயர். வேலையும் உண்டு, பக்தியும் உண்டு. பக்தி பெரும்பாலும் தின்பண்டத்தின் மேல். முந்தின நாள் கைப்பேசிக் குழுவில் அறிவிப்பு வந்தால் "தயார் பாக்!" என்று நாற்பது பேர் பதில் போடுவார்கள், கும்பிடும் கை படத்தோடு. மறுநாள் பதினைந்து பேர் வருவார்கள். அவர்களில் ஐந்து பேர் மண்வெட்டி கொண்டுவருவார்கள், மற்றவர்கள் யோசனை கொண்டுவருவார்கள். சாக்கடையின் நூற்றிருபது மீட்டரில் நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் பளபளவென்று ஆகிவிடும். மீதி எட்டு மீட்டரின்மேல் பாய் விரித்து உட்கார்ந்து, பாக் ஹர்சோயோ கொடுக்கும் சூடான வாழைப்பழ வறுவலைத் தின்று, இனிப்புத் தேநீர் குடித்து, ஏன்தான் தண்ணீர் போகவில்லை என்று வியந்துகொண்டிருப்போம்.

ஜாவாக்காரர்கள் இதற்கு சுங்கான் என்பார்கள். முகதாட்சண்யம் என்று சொல்லலாம். ஆனால் எங்கள் முகதாட்சண்யத்துக்கு வேலை அதிகம், பதினோரு வருடம் ஓய்வே இல்லை. வறுவல் தருகிறவரிடம் போய், உங்கள் தளத்தால்தான் பக்கத்து வீடு மூழ்குகிறது என்று எப்படிச் சொல்வது? வர்சித்தியும் சொன்னதில்லை. வாரம் ஒரு பொட்டலம் தெம்பேயை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டு, தன் வீட்டுக்கு வந்து வாளியை எடுப்பாள்.

தலைவியானதும் முதல் வேலையாகக் கூட்டம் கூட்டினாள். புதுத் தலைவிக்கு மரியாதை என்று நிறையப் பேர் வந்துவிட்டார்கள். பாக் ஹர்சோயோ முன்வரிசையில் இருந்தார்.

"ஒரே கேள்விதான்," என்றாள் வர்சித்தி. "தண்ணி எங்க அடைக்குது?"

அதுவரை சளசளவென்றிருந்த கூடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தன் செருப்பை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மழை ஜாஸ்தி ஆயிடுச்சும்மா," என்றார் பாக் தஸ்லிம். "உலகமே அப்படித்தான் இருக்கு."

"ஆத்து முகத்துவாரம் தூர்ந்துபோச்சு," என்றார் இன்னொருவர்.

பாக் ஹர்சோயோ தொண்டையைச் செருமினார். "எனக்குத் தோணுறதைச் சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது. இபு வர்சித்தியோட வீடு கொஞ்சம் பள்ளம்."

கூடம் மூச்சு விட்டது. ஆமாம், பள்ளம்தான்! இத்தனை நாள் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை! அடுத்த பத்து நிமிடத்தில், அடைப்பு சாக்கடையில் இல்லை, வர்சித்தியின் வீட்டில்தான் இருக்கிறது என்று சந்து ஒருமனதாக முடிவுக்கு வந்தது. எல்லாரும் சேர்ந்து செங்கல் உடைசல் கொட்டி அவள் வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்திக் கொடுப்பது என்று தீர்மானம். ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் சொல்வதைவிட எங்களுக்கு இது சுலபமாக இருந்தது.

"சரி," என்றாள் வர்சித்தி. "என் வீட்டுக்குள்ள வர முடியாத தண்ணி அப்புறம் எங்க போகும்?"

"அதை அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்மா," என்றார் பாக் தஸ்லிம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாக் குரு, நான் கேட்டதை எழுதிக்கிட்டீங்களா?" வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றதால் என்னை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுதியிருந்தேன்.

அந்த ஞாயிறு சந்து வரலாறு காணாத ஞாயிறு. ஐம்பது பேர் வந்தார்கள். தள்ளுவண்டிகள் வரிசையாக வந்தன. யாரையும் சங்கடப்படுத்தாத வேலை என்றால் எங்கள் உழைப்புக்கு எல்லையே கிடையாது. சாயங்காலத்துக்குள் தரை இரண்டடி உயர்ந்துவிட்டது. கூரை உயரவில்லை. அன்றிலிருந்து தலைவி தன் சமையலறைக்குள் நுழைவதற்கே குனிய வேண்டியதாயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம் ஒரு மணிக்குக் கொட்டிய மழையில் தண்ணீர் வழக்கம்போல எழும்பி வர்சித்தியின் வாசலுக்கு வந்தது. இரண்டடிச் சுவரை முட்டிப் பார்த்தது. அடுத்த பள்ளம் எது என்று தேடி, பாக் ஹர்சோயோவின் வரவேற்பறைக்குள் போய் உட்கார்ந்தது. செதுக்கிய தேக்கு நாற்காலிகள் கணுக்கால் அளவு நீரில் நின்றன.

உதவிக்கு முதலில் ஓடியது வர்சித்திதான். கையில் இரண்டு வாளி. ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"என்னம்மா இது? இங்கெல்லாம் தண்ணி வந்ததே இல்லையே!"

"ஆமா பாக். பதினோரு வருஷமா என் வீட்டுலதான் தங்கிட்டிருந்துச்சு."

எங்கள் சந்தின் அளவுகோலில் இது கத்திக்குத்துக்குச் சமம். நான் வாசலில் நின்று கேட்டேன், காது சிவந்துவிட்டது. பாக் ஹர்சோயோ வாளியை வாங்கி அரைமணி நேரம் மொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமையே ஆள் வைத்துத் தளத்தை உடைத்தார். "இங்க அடைச்சிருக்கும்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்று சந்து முழுவதும் கேட்கும்படி அங்கலாய்த்தார். எங்களுக்கு எப்படித் தெரியும் பாக் என்று நாற்பது குரல் பதில் சொன்னது.

உடைத்த இடத்தில் மறுபடி ஐம்பது பேர் கூடி மண்வெட்டியை விட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெளிறிப்போய், அடுக்கடுக்காக, கேக்கைப்போல வெட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக, எட்டு மீட்டர் நீளத்துக்கும் சோயாத் தோல். பதினோரு வருடமாகச் சோயா அலசிய தண்ணீரோடு அவள் வீட்டுச் சாக்கடைத் துளை வழியே போனதெல்லாம் தளத்துக்கு அடியில் தங்கியிருந்தது. தளம் இல்லாவிட்டால் அது ஆற்றுக்குப் போயிருக்கும். தோல் இல்லாவிட்டால் தளம் யாருக்கும் தொந்தரவு தந்திராது.

எல்லாரும் பார்த்தோம். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம்.

வர்சித்தி குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் பிய்த்தாள். "இது என் வீட்டுத் தோல்," என்றாள், கொஞ்சம் உரக்கவே. "நான்தான் அடைச்சிருக்கேன்."

"சேச்சே, என்னம்மா பேச்சு இது!" என்று பதறினார் பாக் தஸ்லிம். "மாவிலை. மக்கிப்போன மாவிலை."

"மாவிலைதான்," என்றார் பாக் ஹர்சோயோ. தேக்கு நாற்காலிகளை நனையக் கொடுத்தவர் அவர், அவரே சொல்லிவிட்டார். "மாவிலையைத் தவிர வேற என்ன?"

ஐம்பது பேரும் சேர்ந்து, கூடை கூடையாக, மாவிலையை அள்ளிக் கொட்டினோம்.

அதற்கடுத்த மழையில் தண்ணீர் சத்தத்தோடு ஆற்றுக்குப் போயிற்று. தெம்பே பூத்தது. சாப்பாட்டுக் கடைப் பெண்கள் வேறு ஆள் தேடவில்லை. இப்போது அவள் துளை வாயில் சல்லடைத் துணி கட்டியிருக்கிறாள். கட்டும்படி யாரும் சொல்லவில்லை. சேர்கிற தோலை ஆடு வளர்ப்பவர் ஒருவர் மூட்டையாகக் கொண்டுபோகிறார்.

மாதக் கடைசியில் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வந்தாள். அடைப்புக்குக் காரணம் மாவிலை என்று நான் எழுதியிருந்த வரியில் அவள் விரல் நின்றது.

"பாக் குரு, நம்ம சந்துல மாமரம் எங்க இருக்கு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்போ மரத்தையும் எழுதிடுங்க," என்றாள் கையெழுத்துப் போட்டபடி. "பெரிய மரம்னு எழுதுங்க. பதினோரு வருஷத்துக்கு இலை உதிர்த்திருக்கே."

எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் மூன்றாவது வரி.