இருட்டுல வச்ச முளைப்பாரி

பிள்ளை வரம் வேணும்னுதான் நான் முளைப்பாரி வச்சேன்னு மலாக்காவுல, காஜா பெராங்ல இருந்த தமிழ்ப் பொம்பளைங்க எல்லாரும் நம்பினாங்க. நம்பட்டும்னு விட்டுட்டேன். உண்மையைச் சொன்னா சிரிப்பாங்க. எனக்கு வேண்டியிருந்தது வீட்டுக்குள்ள ஆள் சத்தம், அவ்வளவுதான்.

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வரப்போகுதுன்னு ஊரெல்லாம் பேச்சா இருந்த நேரம் அது. என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் ஏத்துற லோரி ஓட்டினாரு. சிங்கப்பூருக்குக் கிளம்பினா எப்ப திரும்புவாருன்னு அவருக்கே தெரியாது. வழியெல்லாம் போலீஸ் சோதனை. கல்யாணமாகிக் கப்பல்ல வந்து இறங்கினவளுக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்? அடுப்புகிட்டப் பேசினேன், வாளிகிட்டப் பேசினேன். பைத்தியம் பிடிக்காததே பெரிய காரியம்.

பலகைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் வயசான ஒரு மலாக்காச் செட்டி அம்மா. நெத்தியில விபூதி, சாமி மேடையில மாரியம்மன், வாயைத் திறந்தா மலாய்! முதல் நாள் "என்னங்க, இன்னிக்கு என்ன சமையல்?"னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டு மட்டும் நின்னாங்க. சரியான திமிரு பிடிச்சவங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. எந்தக் காலத்துலயோ தமிழ் வியாபாரிங்க இங்க வந்து இந்த மண்ணுப் பொம்பளைங்களைக் கட்டிக்கிட்டாங்களாம். சாமி அப்பா வழி, பேச்சு அம்மா வழி. மலாய்ல அத்தை, சித்தி மாதிரி இருக்கவங்களைக் கூப்பிடுறாப்ல நானும் 'மாக்சிக்'னு கூப்பிட்டேன். அதுக்கு மேல எங்களுக்குள்ள பேச்சு ஓடல.

மாரியம்மன் திருவிழா வந்தது. கும்மிக்கு முன்பாட்டு பாடுற பெரியக்கா, எங்க வீட்டுப் பின்னறையைப் பார்த்துட்டு, "சன்னலே இல்லையே! முளைப்பாரிக்குன்னே கட்டினாப்ல இருக்கு தாயீ"ன்னாங்க. சாணி எரு போட்ட சட்டிகள்ல பயறும் மொச்சையும் தட்டையும் தூவி, கதவைச் சாத்தினோம். தண்ணி தெளிக்க மட்டும்தான் உள்ள போகணும். வெளிச்சம் ஆகவே ஆகாது. இருட்டுல வளர்ந்தாத்தான் முளை நெட்டுநெட்டுன்னு தங்க நிறத்துல நிக்கும், பச்சையானா சாமி குத்தம்னு சொல்லுவாங்க.

விளக்கு வச்சதும் எல்லாரும் வந்துடுவாங்க. வட்டங்கட்டிக் கும்மி கொட்டினா பலகைத் தரை அதிரும். எல்லாருக்கும் நான் தே ஓ, பால் விடாத டீ, கலக்குவேன். சீனி பத்தலைன்னு ஒருத்தி குறை சொல்லுவா, அடுத்தவ அவளைக் கிண்டல் பண்ணுவா. குறை சொல்ல ஆள் இருக்கறதே எவ்வளவு பெரிய சொகம்னு அப்பத்தான் தெரிஞ்சது. திருவிழா முடிஞ்சாலும் இவங்க வரணும் ஆத்தா, அது ஒண்ணுதான் எனக்கு வேணும்னு தினமும் கும்பிட்டேன்.

ஊர்வலத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, புக்கிட் ரம்பாய்ல லோரி பழுதாகி நிக்குதுன்னு வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினாரு. சோறு கட்டிக்கிட்டு விடியக்காலையில கிளம்பினேன். சாவியை மாக்சிக் கையில கொடுத்து, பின்னறையைக் காட்டி, தண்ணி தெளிக்கிற மாதிரி கையை ஆட்டினேன். இருட்டாவே இருக்கட்டும்னு எப்படிச் சொல்றது? இருட்டுக்கு மலாய்ல 'கெலாப்'னு மட்டும் தெரியும். "கெலாப், மாக்சிக், கெலாப்"னு ரெண்டு தரம் அழுத்திச் சொன்னேன். அவங்களும் உள்ள எட்டிப் பார்த்துட்டு "யா, கெலாப்"னு வருத்தமாத் தலையாட்டினாங்க. 'ஜாங்கான்', வேண்டாம்னு சொல்ற அந்த ஒரு சொல்லை எனக்கு யாரும் கத்துக்கொடுக்கல.

சாயங்காலம் திரும்பி வந்தா, அத்தனை சட்டியும் கொல்லைவாசல்ல! காலையிலருந்து நல்ல வெளிச்சத்துல இருந்திருக்கு. தங்கமா இருந்த தளிரெல்லாம் பச்சை. சுமந்து சுமந்து மாக்சிக்குக்கு இடுப்பு நிமிரல. வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, "ஹிஜாவ்! ஹிஜாவ்!"னு பச்சையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாங்க. முளையெல்லாம் இருட்டுல கிடந்து வெளுக்குதுன்னு நான் புலம்பிட்டுப் போனதா நினைச்சிருக்காங்க.

"அடிப்பாவி! என் குடியைக் கெடுத்தியே!"ன்னு கத்தினேன். வாயில வந்ததெல்லாம் வச்சுத் திட்டினேன். அந்தம்மா சிரிப்பு மாறல. நன்றி சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு என் கன்னத்தைத் தடவினாங்க. திட்டுறதுக்குக்கூட ஒரு பொது மொழி வேணும் போங்க.

விளக்கு வச்சதும் பெரியக்கா வந்து பார்த்தாங்க. கோபப்பட்டிருந்தா தாங்கியிருப்பேன். படல. நடந்ததைச் சொல்லிட்டு, "வெளிச்சம் பட்டா பச்சையாகறது பயிரோட குணம்க்கா, பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன். சாமி குத்தம் இல்ல"ன்னேன்.

"பச்சையாகும்னு எங்களுக்குத் தெரியாதா தாயீ? அதுக்குத்தானே இருட்டுல வைக்கிறோம்"னாங்க. "உன்மேல தப்பில்ல. ஆனா இனி இங்க வைக்கக்கூடாது."

கூட வந்த பொம்பளைங்க எல்லாரும் ஆளுக்கொரு சட்டியாத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. கலக்கி வச்ச தே ஓவை ஒருத்தியும் தொடல.

ரொம்ப வருஷம் கழிச்சு, கண்ணாடி போட்ட வயசுல ஒரு அறிவியல் பத்திரிகையில படிச்சேன். இருட்டுல வெளுத்து நிக்கிற தளிருக்குள்ளயும் பச்சையாகப்போற கணிகங்கள் இருக்குமாம். நிறமில்லாம, அரைகுறையா, வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடக்குமாம். வெளிச்சம் பட்டதும் உள்ளுக்குள்ள ஏடு ஏடா சவ்வு அடுக்கி, பச்சையம் ஊறி, கொஞ்ச நேரத்துல பசுங்கணிகமா ஆயிடுமாம். அதுக்குள்ள தனியா ஒரு மரபுச் சரக்கு வேற இருக்காம். அது முக்கால்வாசிச் செடிகள்ல தாய் வழியா மட்டும்தான் இறங்குமாம். தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க! செடிக்குப் பச்சையும் மாக்சிக்குக்கு மலாயும் ஒரே வழியாத்தான் வந்திருக்கு. அதைச் சொல்லிச் சிரிக்க அப்ப பக்கத்துல யாரும் இல்ல. பத்திரிகையை மூடிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

சட்டியெல்லாம் போன மறுநாள், விளக்கு வச்ச நேரம். யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சும் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மாக்சிக்தான் வந்தாங்க. பாட்டுச் சத்தம் கேக்கலையேன்னு வந்திருப்பாங்க. காலியான பின்னறையைப் பார்த்து, "மானா?"ன்னு கேட்டாங்க. எங்கேன்னு கேக்கறாங்க, அது புரிஞ்சது. பதில் சொல்ல என்கிட்ட மலாய் இல்ல.

என் முகத்தைப் பார்த்தாங்க. அப்புறம் எதிர்ல உட்கார்ந்து கையைத் தட்ட ஆரம்பிச்சாங்க. கும்மித் தட்டு! பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து தினமும் கேட்டிருக்காங்க. தாளம் கொஞ்சமும் பிசகல. பெரியக்கா மெட்டுல ஒரு சொல்லும் இல்லாம "ம்ம்... ம்ம்..."னு முனகினாங்க.

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. நான் அழறதைப் பார்த்துப் பதறிப்போயி, கண்ணைத் துடைச்சுவிட்டு, வெறுந்தரையைக் காட்டி "கெசியான்"னாங்க. பாவம்னு அர்த்தம். முளைப்பயிருக்காக அழறேன்னு நினைச்சாங்க.

ஆமான்னு தலையாட்டினேன்.