சென்னம்மாள் சொன்னது ஒளிபரப்பாகவில்லை

டி.வி.யின் சத்தத்தைக் குறைத்த பிறகுதான் சென்னம்மாள் ஊசிக்குக் கையை நீட்டுவார். "அவுங்க கத்துறதும் நீங்க குத்துறதும் ஒண்ணா வேணாம் சிஸ்டர்," என்பார். செவிலியர் நஞ்சம்மாள் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, அவருடைய இடது கையில் கயிறு போலப் புடைத்து நிற்கும் நரம்பில் இரண்டு ஊசிகளை ஏற்றுவார். ரத்தம் குழாய் வழியே வெளியேறி, இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பத் தொடங்கியதும் சென்னம்மாள் தலையணையை நிமிர்த்திக்கொள்வார். "இப்ப வெய்யுங்க. இன்னிக்காவது சொல்றாங்களான்னு பாப்போம்."

செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடியில் ஆறு கட்டில்கள். மூன்றாவது கட்டில் என் அண்ணனுடையது, நான்காவது சென்னம்மாளுடையது. அண்ணனுக்குத் துணையாக அரூரிலிருந்து வரும் நான், இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் தூங்கிவிடுவார். சென்னம்மாள் தூங்கி நான் பார்த்ததில்லை.

வயது நாற்பத்து நான்கு. ஊர் சித்தேரி மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் வரும் இருபத்தைந்து வீடுகள். விடியுமுன் கிளம்பி, முதல் பஸ்ஸில் அரூருக்கு இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தர்மபுரி வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். கணவர் சங்கர் மலையிலேயே சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் விதைத்துக்கொண்டு, பருவத்தில் கடுக்காய் பொறுக்கிக்கொண்டு இருக்கிறார். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

டி.வி.யில் பேசுகிறவர்களின் பெயர்கள் அவர் மனதில் நிற்பதில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார். அவர்கள் பேசப் பேசக் கட்டிலில் இருந்தபடியே பதிலும் சொல்வார். ஒருவர் கண்ணாடி. ஒருவர் மீசை. விவாதம் நடத்தும் இளைஞர், விரலை நீட்டி நீட்டிப் பேசுவதால், வாத்தியார். ஆளுங்கட்சிக்காகப் பேச வரும் ஒருவர் பேச்சுக்கு நடுவே அடிக்கடி தண்ணீர் குடிப்பார். சென்னம்மாளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அந்த மனிதர் அரை மணி நேரம் புள்ளிவிவரங்களாக அடுக்கிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? நான் அந்த டம்ளரையே பாத்துட்டு இருந்தேன். பாதி குடிச்சிட்டு வெச்சிட்டாருங்க," என்றார்.

சென்ற மழைக்காலத்தில் தில்லியில் ஒரு மசோதா வந்தது. நாட்டில் எல்லோருக்கும் சிகிச்சை, அது மக்களின் உரிமை என்றது மசோதா. மூன்று வாரம் நாடாளுமன்றத்திலும் டி.வி.யிலும் அதே பேச்சு. எந்தத் திட்டம் பெரியது, எந்தக் கட்சி முதலில் கொண்டுவந்தது, அட்டையில் யார் படம் இருக்க வேண்டும் என்று சண்டை. வார்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். வேறு வழியும் இல்லை. கையில் ஊசியோடு எழுந்து எங்கே போவது?

பேப்பரில் மசோதாவைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்த நாளில், சென்னம்மாள் அதை என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மலைக்கு வந்து பிரஷர் பார்ப்பதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே தேடினேன். இல்லை என்றேன். பேப்பரை வாங்கி, எழுத்துக்கூட்டித் தானும் ஒருமுறை தேடிவிட்டு மடித்துக் கொடுத்தார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னால் அவருக்குத் தலைவலி வந்தது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு களை எடுத்தார். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஒருநாள் முகமும் காலும் வீங்கி, மூச்சு முட்டி, ஆட்கள் தூக்கிக்கொண்டு மலையிறங்கியபோதுதான், ரத்த அழுத்தம் ஏறி ஏறி இரண்டு சிறுநீரகங்களையும் அழித்துவிட்டது என்று தெரிந்தது. அவர் ஊரில் ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கிறது. நீல வர்ணம் அடித்த கட்டடம், சுவரில் தாயும் சேயும் படம், கதவில் பூட்டு. நர்ஸ் வேலை பல வருடமாகக் காலி. "ஒரு சின்ன மாத்திரைங்க அண்ணா. கொட்டமுத்து, அதாங்க ஆமணக்கு வெதை, அதுல பாதி கூட இருக்காது. அதைக் குடுக்க ஒரு ஆளு இருந்திருந்தா, இந்த மெஷினுக்கு நான் எதுக்கு வரப்போறேன்?"

அந்த மூன்று வாரத்தில்தான் ஒரு சேனலில் இருந்து சுசித்ரா என்ற பெண் வந்தாள். விவாதத்துக்கு முன்னால் ஒரு நோயாளியின் கதையைக் காட்ட வேண்டுமாம். மலையிலிருந்து வருகிறார் என்று கேள்விப்பட்டதும் சென்னம்மாளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு மலை ஏறினார்கள். வீட்டைப் படம் பிடித்தார்கள், பூட்டிய கட்டடத்தைப் படம் பிடித்தார்கள். பிறகு கேமராக்காரர் விறகுக்கட்டு ஒன்றைச் சுமந்து நடக்கச் சொன்னார். ஊசி போடும் கையால் பாரம் தூக்கக் கூடாது, தான் விறகு எடுத்து மூன்று வருடமாகிறது என்று சென்னம்மாள் சொல்லிப் பார்த்தார். ஒரே நிமிடம்தான் என்றார்கள். சங்கர் காய்ந்த குச்சிகளாகப் பார்த்து ஒரு கட்டுக் கட்டித் தலையில் ஏற்றிவிட்டார். சென்னம்மாள் நடந்தார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை நடந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வார்டில் படப்பிடிப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காகச் சங்கரையும் மலையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தார். விளக்குகளைச் சரிசெய்யும் நேரத்தில் நஞ்சம்மாள் சும்மா இருக்க முடியாமல் அவர் கையிலும் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். பார்த்தவர் மறுபடி ஒருமுறை பார்த்தார். இருநூறுக்கு நூற்றிருபது. அடிக்கடி தலை வலிக்குமா என்று கேட்டதற்குச் சங்கர், வெயிலில் போனால் எல்லோருக்கும் வலிக்கிறதுதானே என்றார்.

சென்னம்மாள் எழுந்து உட்கார முயன்று, ஊசி இழுக்கவே மறுபடி சாய்ந்துகொண்டார்.

"படம் எடுக்கிறீங்களே, இதை எடுங்க," என்று கேமராக்காரரிடம் சொன்னார். "எனக்குப் போனது போச்சு. இப்ப அவருக்கும் அதே நோயி. எங்க ஊருல இன்னும் எத்தினி பேருக்கு இருக்குதோ, பாக்கறதுக்கு ஆளில்ல. அந்தப் பூட்டைத் தொறந்து ஒரு நர்ஸ வெய்யுங்கன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

இருபது நிமிடம் பேசினார். அவ்வளவு கோர்வையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. சுசித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு, மகளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று மெல்லக் கேட்டாள். சென்னம்மாள் பதில் சொல்லத் தொடங்கி, சொல்ல முடியாமல் அழுதார்.

வியாழக்கிழமை மாலை ஒளிபரப்பானதை, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி போட்டார்கள். ஆறு கட்டில்களும் விழித்திருந்தன. விறகுக்கட்டு வந்தது. பின்னணியில் சோகமான புல்லாங்குழல். அழுகை வந்தது. 'ஒகேனக்கல் அருகே வசிக்கும் சின்னம்மாள்' என்று எழுத்து ஓடியது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பூட்டு வரவில்லை. சங்கரின் கை வரவில்லை. சென்னம்மாளின் குரலில் ஒரு வார்த்தை வரவில்லை.

அதன்பிறகு விவாதம். இந்தத் தாய்க்கு இலவசமாக டயாலிசிஸ் கிடைக்கிறதே, அதுதான் எங்கள் சாதனை என்றார் தண்ணீர் குடிப்பவர். இந்தத் தாய் இந்த நிலையிலும் விறகு சுமக்கிறாரே, அதுதான் உங்கள் சாதனை என்றார் மீசை. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். திரையின் நடுவில் ஒரு சிறு கட்டத்துக்குள் சென்னம்மாள் மறுபடி மறுபடி விறகு சுமந்து நடந்துகொண்டே இருந்தார்.

"நான் சொன்னது எங்கீங்க அண்ணா?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள் என்று சுசித்ராவே பிறகு சென்னம்மாளுக்குப் போன் செய்து சொன்னாளாம். மன்னிப்பும் கேட்டாளாம். "அந்தப் பொண்ணு மேல கோவம் இல்லீங்க. அதுக்கு மேல ஒருத்தன் இருப்பான். அவனுக்கு மேல ஒருத்தன் இருப்பான்," என்றார் சென்னம்மாள். பெயரையும் ஊரையும் தப்பாகப் போட்டதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

படம் வந்ததால் ஒரு பலன் இருந்தது. ஒரு கட்சியின் மாவட்டப் பிரமுகர் எட்டுப் பேரோடு வார்டுக்கு வந்தார். சால்வை போர்த்தி, ஒரு தார் வாழைப்பழமும் சாத்துக்குடியும் இரண்டு இளநீரும் கட்டிலில் வைத்தார். மூன்றும் டயாலிசிஸ் நோயாளிகள் தொடக்கூடாதவை. சென்னம்மாள் கும்பிட்டுவிட்டு நர்ஸ் விஷயத்தைச் சொன்னார். பிரமுகர் திரும்பி, குறித்துக்கொள் என்று உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் இரண்டு கைகளாலும் செல்போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் இளநீர்தான் கொண்டுவந்தார்கள்.

மசோதா மீதான ஓட்டெடுப்புக்கு முந்திய நாள் ஒரு நேரலை நிகழ்ச்சியில் பொதுமக்கள் போன் செய்யலாம் என்று எண்ணைக் காட்டினார்கள். சென்னம்மாள் என்னைப் போடச் சொன்னார். நாற்பது நிமிடம் முயன்றபின் லைன் கிடைத்தது. போனை அவர் காதில் வைத்தேன். டி.வி.யில் வாத்தியார், தர்மபுரி நேயர், சொல்லுங்கள் அம்மா என்றார்.

"ஐயா, எங்க வூட்டுக்காரருக்குப் பிரஷர் இருநூறு இருக்குதுங்க..."

மசோதாவை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார் வாத்தியார்.

"பிரஷர் பாக்க ஒரு ஆளு வேணுங்க. எங்க மலையில..."

இணைப்பில் கோளாறு, நன்றி அம்மா, அடுத்த நேயர் என்று கடந்துபோனார். போனில் ஒரு கோளாறும் இல்லை. சென்னம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று நான் சொன்ன பிறகும், ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தார்.

மறுநாள் மசோதாவை ஏதோ ஒரு குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் முதல் ஒரு நடிகையின் கல்யாணம். கண்ணாடியும் மீசையும் அதற்கும் வந்து உட்கார்ந்து பேசினார்கள். சென்னம்மாள் அதையும் பார்த்தார். ஆனால் பதில் பேசுவதை நிறுத்திவிட்டார்.

சங்கருக்கு, வார்டில் படம் பிடித்த அன்றே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பத்து நாள் போட்டார். தலைவலி நின்றது. மாத்திரையையும் நிறுத்திவிட்டார். வலி இல்லாதபோது எதற்கு மாத்திரை என்பது அவருடைய கேள்வி. உடம்புக்குள் எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட மலையில் ஒரு கருவியும் இல்லை, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. சென்னம்மாள் சொன்னால், நோயாளி பேச்சு என்று சிரிக்கிறாராம். சாமை அறுவடை முடியட்டும், டாக்டரைப் பார்க்கக் கீழே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அறுவடை முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது.

சென்ற வெள்ளிக்கிழமை சென்னம்மாளும் அண்ணனும் நானும் தர்மபுரியிலிருந்து ஒரே பஸ்ஸில் அரூர் வந்து இறங்கினோம். சங்கர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். புளி விற்க வந்தவர், மனைவியோடு சேர்ந்தே மலை ஏறலாம் என்று இருந்துவிட்டார். என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். சிமெண்டு பெஞ்சில் சென்னம்மாளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

சென்னம்மாள் உட்காரவில்லை. சங்கரின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பு வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டின் அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். லுங்கியை முழங்கால்வரை ஒதுக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நஞ்சம்மாள் சிஸ்டர் நோயாளிகளின் காலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான்; அழுத்திய குழி உடனே மறையாவிட்டால் உள்ளே நீர். மலை பஸ் வந்து நின்று ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். சங்கர், பஸ் வந்துவிட்டது என்றார்.

சென்னம்மாள் விரலை எடுத்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. குழி நிரம்பி மறைகிறதா என்று குனிந்து பார்த்தபடி இருந்தார். பிறகு லுங்கியை இறக்கி, இரண்டு கைகளாலும் நீவி, காலை மூடினார்.