செம்மண்டலம் மெடல் வீடு

2009 பொங்கல் முடிந்த மறுவாரம் இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்தேன். உங்கள் குடும்பத்தில் யாராவது யுத்தத்தில் மெடல் வாங்கியிருந்து, அது எப்படிக் கிடைத்தது என்று தேடிப் போகிற எண்ணம் இருந்தால் இந்தப் பதிவு பயன்படும். மெடல் வாங்காத குடும்பத்தாருக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும்.

நான் இரண்டாவது வகை என்றுதான் நாற்பத்து மூன்று வயது வரை நம்பியிருந்தேன். என் தாத்தா கலியபெருமாளும் அவருடைய அண்ணன் தண்டபாணியும் இரண்டாம் உலகப் போரில் ஒரே கம்பெனியில் பர்மாவுக்குப் போனவர்கள். இரண்டு பேரும் உயிரோடு திரும்பினார்கள். மெடல் மட்டும் பெரிய தாத்தா தண்டபாணியின் வீட்டில் இருக்கிறது. அவருடைய பேரன் செல்வம் அண்ணனின் கல்யாணப் பத்திரிகையில் ‘பர்மா யுத்த வீரர் தண்டபாணி அவர்களின் பேரன்’ என்று அச்சடித்திருந்தார்கள். என் பத்திரிகையில் ‘காடாம்புலியூர் முந்திரி வியாபாரி கலியபெருமாள் அவர்களின் பேரன்’ என்று இருந்தது. இரண்டையும் ஒரே அச்சகத்தில்தான் அடித்தோம். அவருடைய எழுத்து கொஞ்சம் பெரிது என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்த அண்ணன்தான் போன் செய்தார். பெரிய தாத்தாவுக்குப் படத்திறப்பு வைத்திருக்கிறாராம். மண்டபம் பேசியாகிவிட்டது, படம் பெரிதாக்கியாகிவிட்டது. நோட்டீஸில் போட அரைப் பக்க வரலாறு மட்டும் வேண்டும். “நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ எழுதுறியே தம்பி, இத எழுதக் கூடாதா?” என்றார்.

ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. யுத்தத்தில் யூனிஃபார்ம் போட்ட எல்லோருக்குமே ஏதோ ஒரு மெடல் கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். வீரத்துக்கென்று கொடுக்கிற மெடல் வேறு. அதன் விளிம்பில் வாங்கியவர் பெயரைப் பொறித்திருப்பார்கள். செம்மண்டலத்தில் இருப்பது பெயர் இல்லாத மெடலாக இருக்க வேண்டும் என்பதே என் ஆராய்ச்சியின் ஒரே நோக்கம்.

கோயம்பேட்டில் காலை ஆறு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிற பஸ் ஏறினேன். நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். பாண்டிச்சேரியில் கால் மணி நேரம் நின்றும் பத்தரைக்குக் கடலூர் வந்துவிட்டது. இடது பக்க ஜன்னல் பிடித்தால் கடல் தெரியும். நான் வலது பக்கம் உட்கார்ந்து வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் செம்மண்டலத்தில் தெருப் பெயரைச் சொன்னேன்.

“மெடல் வீடா சார்? குந்துங்க. மத்தவங்களுக்கு அம்பது, நீங்க நாப்பது குடுங்க.”

நான் ஐம்பதே கொடுத்தேன். நீங்கள் பேரம் பேசலாம்.

வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மெடல். சிவப்பு வெல்வெட்டில் புதைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. பழைய ரிப்பன் மக்கிப்போனதால் பிரேம் கடைக்காரர் மூவர்ணத்தில் புது ரிப்பன் மாட்டியிருந்தார். அதனால் இங்கிலாந்து ராஜாவின் தலை நமது தேசியக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் இது உறுத்தியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் பெரிய தாத்தாவின் படம். யூனிஃபார்மில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அண்ணி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அண்ணன் சொன்ன வரலாற்றைக் கேட்டேன். பெரிய தாத்தா தன்னந்தனியாக முப்பது ஜப்பான்காரர்களைச் சுட்டிருக்கிறார். என் கல்யாணத்தின்போது அது இருபதாக இருந்தது. நான் மெடலைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். சட்டத்தைப் பிரித்தால் வெல்வெட் கெட்டுவிடும் என்றார் அண்ணன். உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த பெரியப்பா, அதாவது தண்டபாணி தாத்தாவின் மகன், இருமினார். 

தாத்தாக்களோடு பட்டாளத்தில் இருந்த ராஜமாணிக்கம் என்பவர் சிதம்பரத்தில் இன்னும் இருக்கிறார், அவரைக் கேட்டுக்கொள் என்று அண்ணன் விலாசம் கொடுத்தார். தானே போய்க் கேட்டதுண்டா என்றேன். “நமக்குத் தெரியாததா அவரு சொல்லப் போறாரு?” என்றார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம், பதினைந்து ரூபாய். கீழவீதியில் சாப்பிட்டுவிட்டு, மாலைகட்டித் தெருப் பக்கம் விசாரித்து, மூன்று மணிக்கு அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். ராஜமாணிக்கத்துக்கு எண்பத்தேழு வயது. காது நன்றாகக் கேட்கிறது. கோபம் அதைவிட நன்றாக வருகிறது. மெடல் என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய தாத்தாவின் வீரத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றேன்.

“தண்டபாணியா? அவன் ஸ்டோர்ல கம்பளி எண்ணிக்கினு இருந்தான். அதான் போட்டோல யூனிஃபார்ம் அவ்ளோ கச்சிதமா இருக்கும். சண்டை நடந்த எடத்துக்கு அவன் எங்க வந்தான்?”

எனக்குள் எழுந்த ஆனந்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. முகத்தை மாற்றாமல், அப்படியானால் மெடல் எப்படி வந்தது என்று கேட்டேன்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். பர்மாவில் ஓர் ஆறு, பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அக்கரையில் காயம்பட்டவர்கள் இருபது பேருக்கு மேல் கிடந்தார்கள். அவர்களை ஏற்றிவர வேண்டிய படகின் இன்ஜின் நின்றுவிட்டது. மேட்டிலிருந்து எதிரி சுட்டுக்கொண்டிருந்தான். ஒரு சிப்பாய் கரையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு படகின் நுனியில் ஏறி நின்றான். ஊன்றித் தள்ளியே நாலு தடவை போய், நாலு தடவை திரும்பினான். நின்றால்தான் கழி போட முடியும். நின்றால் குண்டுக்கு நன்றாகத் தெரியும்.

“கிள்ளைல மாமன் வூட்ல வளந்தவன் இல்ல அவன்? பிச்சாவரத்து உப்பங்கழியில பொறந்த மாரி போட்டான் கழிய.”

அவர் வீட்டில் கொடுத்திருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன். கிள்ளையில் மாமன் வீட்டில் வளர்ந்தது தண்டபாணி அல்ல. அவர் பட்டாளத்துக்குப் போகும்வரை காடாம்புலியூரை விட்டு நகராதவர். அங்கே கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. கிள்ளையில் வளர்ந்தவர் என் தாத்தா.

“கலியபெருமாளா?” என்றேன்.

“பின்ன யாரு? அதே படகுல நானும் இருந்தேன் தம்பி. குந்திக்கினு, ஓட்டை வழியா வர்ற தண்ணிய தகர டப்பால மொண்டு ஊத்திக்கினு, அடிபட்டவன் தலைய மடில வச்சிக்கினு. நாலு தடவையும் கூடப் போனேன். தொரை கரையிலேர்ந்து பாத்தான். நின்னவனுக்கு மெடல். குந்துனவனுக்கு மலேரியா.”

அறுபத்தைந்து வருஷமாக இதை அவர் யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். யாரும் வந்து கேட்கவில்லை என்றார். அவர் சொன்னதை நான் அங்கேயே நம்பிவிட்டேன். பொறாமைக்காரர்களின் ஞாபகசக்தி எப்படிப்பட்டது என்று எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும்.

இரவு எட்டு மணிக்கெல்லாம் செம்மண்டலம் திரும்பிவிட்டேன். விளிம்பில் இருக்கிற நம்பர் இல்லாமல் வரலாறு எழுத முடியாது என்று அண்ணனிடம் சொன்னேன். நோட்டீஸ் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாமல் அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சட்டத்தைப் பிரித்தார். மெடலை வெல்வெட்டிலிருந்து நெம்பி எடுத்து, ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, மங்கிய இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் நம்பர். பிறகு, “கே, ஏ, எல்...”

அங்கே நின்றுவிட்டார். தண்டபாணி என்ற பெயரை எந்தத் துரை எழுதினாலும் கே-யில் ஆரம்பிக்க மாட்டான்.

உள்ளறையிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. “அது எங்க சித்தப்பா கலியபெருமாளுதுதான். பாகத்துல நமக்கு வந்துது.”

பிறகு நடந்ததையெல்லாம் கட்டிலில் இருந்தபடியே அவர் சொன்னார். கூட்டுக் குடும்பத்தில் இருந்தபோது சம்பாதித்தது எல்லாம் பொது. சம்பளம் பொது, ஆகவே மெடலும் பொது. பாகம் பிரித்த அன்று என் தாத்தாவே அதைக் கொண்டுவந்து பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தாராம். மற்ற நிலத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தாகிவிட்டது. மீதி நின்றவை இரண்டு: இந்த மெடலும், எதுவும் விளையாது என்று ஒதுக்கிய நாலு ஏக்கர் செம்மண் மேடும். ராஜா கொடுத்ததை வைத்திருக்கிறவனுக்குப் பின்னால் சர்க்கார் நிலம் கொடுக்கும் என்று கணக்குப் போட்ட பஞ்சாயத்தார், மெடலுக்கு ஈடாக அந்த மேட்டை வைத்தார்கள். பிள்ளையார் கோயில் பூசாரி சீட்டு எடுத்தார். மெடல் அண்ணனுக்கு, மேடு தம்பிக்கு.

“உங்க தாத்தா சீட்டப் பாத்துட்டு சிரிச்சாரு. எங்கப்பா அழுதாரு,” என்றார் பெரியப்பா. “அழுத அழுகைக்கு ஆறுதலா வந்தவங்க போனவங்ககிட்ட மெடலக் காட்ட ஆரம்பிச்சாரு. அப்படியே ஆயிப்போச்சு.”

அந்த மேட்டில்தான் தாத்தா முந்திரி வைத்தார். அதில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். இப்போது அதன் ஓரமாகப் பெரிய ரோடு போகிறது.

அண்ணன் வெகுநேரம் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முன்னால் வைத்தார்.

“ஞாயம்னா ஞாயம் தம்பி. இது உன்னுது, எடுத்துக்க. தோப்ப எனக்குக் குடுத்துடு.”

அவர் விளையாடவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தத் தோப்பைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவருக்கு எப்படி இருந்தது என்பதையும் சொன்னார். நான் இவ்வளவு காலம் பட்ட பொறாமையெல்லாம் அதன் முன்னால் கால்வாசி என்று தோன்றியது. அதில்கூட அவர் என்னைவிட ஒருபடி மேல் என்பதும் தோன்றியது.

வாசலுக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்தேன். மெடல் நம்முடையது என்றேன். தெரியுமே என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொன்னா அவுங்க தோப்பக் கேப்பாங்க. கல்யாணத்துல ரெண்டு மாலை ஜாஸ்தி போட்டுக்கிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்,” என்றார்.

உள்ளே வந்து, மெடல் அண்ணனிடம் இருப்பதுதான் பாதுகாப்பு என்று சொன்னேன். சட்டத்தை நானே திருகி மூடிக் கொடுத்தேன். தாத்தாவின் வம்சத்தில் நடந்த முதல் ராணுவப் பின்வாங்கல் அதுதான்.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்கு: மெடலின் முன்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை, விளிம்பைப் பாருங்கள். அதற்குமுன் பாகப்பிரிவினையில் உங்கள் பங்குக்கு என்ன வந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நல்லதாக வந்திருந்தால் சட்டத்தைப் பிரிக்காதீர்கள். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர், டவுன் பஸ் இருக்கிறது. மறுநாள் காலையில் போய்ப் படகில் ஏறினேன். படகுக்காரரிடம் கழியை வாங்கி எழுந்து நின்றேன். யாரும் சுடவில்லை. இருந்தும் அரை நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அரைப் பக்க வரலாறு எழுதிக் கொடுத்தேன். ஆறு, கழி, நாலு தடவை, எல்லாம் அதில் உண்டு. வீரரின் பெயரை மட்டும் எழுதவில்லை. ‘எங்கள் குடும்பத்து வீரர்’ என்று போட்டேன். அண்ணனும் தலையாட்டிவிட்டார். படம் ஏற்கெனவே பெரிதாக்கியாகிவிட்டதே.

ஆனால் படகில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதித்தானே ஆக வேண்டும். அதனால் அந்த நோட்டீஸின் வரலாற்றுப் பகுதியில் அச்சான ஒரே பெயர் ராஜமாணிக்கம். அதைப் படித்துவிட்டு மண்டபத்துக்கு வந்தவர்கள் அவரைத்தான் தேடினார்கள். முதல் பொன்னாடை அவருக்கு, முதல் மாலை அவருக்கு. படத்தைத் திறந்துவைத்ததும் அவர்தான். நின்றுகொண்டே பேசினார், முக்கால் மணி நேரம்.

மேடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆளைப் பார்த்து வயிறு எரிந்தது அதுதான் முதல் தடவை.