கட் பண்ணாத, நான்தான் பேசறேன்

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து என் கணவர் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ரவிக்கையைக்கூட என்னால் ஒரே மூச்சில் தைத்து முடிக்க முடியவில்லை. நான்கு விரல் அளவுக்குத் தையல் ஓடும், மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவேன். மிஷின் சத்தம் நின்றதும் உள்ளே காது கொடுப்பேன். அவரால் கூப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கூப்பிட்டுவிட்டாரோ என்று மனசு அடித்துக்கொள்ளும். எழுந்து போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்தத் துண்டை எதோடு சேர்க்க வேண்டும் என்பது மறந்து போயிருக்கும்.

கழுத்துக்குக் கீழே ஒரு துளை போட்டிருந்தார்கள். மூச்சு அது வழியாகத்தான். மேலே ஒரு மெல்லிய துணி கட்டியிருப்பார். காபியை வாயால் ஊதி ஆற்றவும் அவரால் முடியாது, காற்று வாய்க்கு வராது. நான்தான் ஆற்றிக் கொடுப்பேன். அதில் அவருக்குக் கோபம். பிள்ளைக்கு ஆற்றுகிறாற்போல ஆற்றுகிறாய் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உதடு மட்டும் அசையும். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவர் ஏதோ கேட்டார். நான் உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்து வந்தேன். தலையை ஆட்டினார். பெரிய பாத்திரம் எடுத்து வந்தேன். அதைப் பிடுங்கித் தரையில் வைத்த வேகத்தில் அது வாசல்வரை உருண்டது. அவர் கேட்டது மாத்திரை. மாவும் பாவும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன். அழுகிற சத்தம் அவருக்குக் கேட்கும், அதற்கு அவரால் ஒன்றும் சொல்ல முடியாது என்று தோன்றியதும் அழுகையும் நின்றுவிட்டது.

எங்களுக்கு உத்திரமேரூர் பக்கத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு டிராக்டரும் உண்டு. உழவுக்கு டிராக்டரை வாடகைக்கு விடுவதுதான் முக்கியமான வருமானம். முன்பெல்லாம் அவரே ஓட்டுவார். இனிமேல் புழுதியில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஒரு டிரைவரை வைத்தோம். அந்த டிரைவருக்கு எந்த ஊர், யார் கழனி, முதலில் யாருக்கு, பிறகு யாருக்கு என்று எல்லாவற்றையும் போனில் சொல்ல வேண்டும். போன் என் கைக்கு வந்தது. யாராவது கூப்பிட்டால் நான் பேசுவேன். அவர் பக்கத்தில் நின்று கையை ஆட்டுவார். நான் ஒன்று சொல்ல, அவர் இன்னொன்று காட்ட, அந்தப் பக்கம் இருப்பவர், “இன்னாம்மா, வருமா வராதா? சட்டுனு சொல்லு” என்பார். மானாம்பதிக்குப் போக வேண்டிய வண்டி வேறு ஊருக்குப் போய் நின்றது. இரண்டு பேர் வேறு டிராக்டருக்குப் போய்விட்டார்கள்.

எழுதிக் காட்டட்டும் என்று சிலேட்டு வாங்கி வந்தேன். பல்பத்தின் தூள் துளைக்குள் போய், நெஞ்சு பிளக்கிற மாதிரி இருமினார். பேப்பரும் பேனாவும் கொடுத்தால், அவர் எழுதி முடிப்பதற்குள் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். போனில் எழுதச் சொன்னால் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்கியது. வருஷக்கணக்காக ஸ்பேனர் பிடித்த விரல் அது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது, அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எங்களைப் பார்த்துவிட்டு, “அவருக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் குடுங்கம்மா” என்றாள்.

நான் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினேன். “இதுலயே நாலு வகை கீதுங்க. இன்னும் ஒண்ணா?”

அவள் சிரித்துவிட்டாள். “அந்த டேப்லெட் இல்லம்மா. போன் மாதிரி, கொஞ்சம் பெருசா இருக்கும். விரலால எழுதினா அதுவே படிச்சுச் சொல்லும்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஏதோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே உத்திரமேரூர் பஜாரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவர் என்னிடம் மட்டுமே பேசினார். “அவருக்குப் படிக்கத் தெரியுமா? அவரு எதுக்கு யூஸ் பண்ணுவாரு? அவருக்கு இது போதும்மா, சின்ன பசங்க வெச்சிக்கினு விளையாடறது.” பிறகு என் கணவர் பக்கம் குனிந்து, செவிடரிடம் பேசுகிற மாதிரி, “இன்னா சார், புடிச்சிருக்கா?” என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கடைக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் என் கணவர் அங்கே இல்லை.

தெருவில் இறங்கித் தேடினேன். பழக்கடை, டீக்கடை, பூக்கடை வரிசை எங்கேயும் காணோம். கூப்பிட்டுத் தேடவும் கூச்சமாக இருந்தது. கூப்பிட்டாலும் அவர் பதில் சொல்ல வேண்டுமே. கோபத்தில் ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்றே முடிவு பண்ணினேன். எனக்கும் கோபம் வந்தது. இவருக்காக ஒரு சாமான் வாங்க வந்து, இவரையே தேடிக்கொண்டு வெயிலில் அலைகிறேனே என்று.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது டமடமவென்று தகரத்தைத் தட்டுகிற சத்தம். காஞ்சிபுரம் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு அவர்தான் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் எனக்காகத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்து, “எங்க போறோம்?” என்றேன். விரல்களை விரித்து ஒரு சதுரம் போட்டுக் காட்டினார். அதே சாமானை வாங்கத்தான், ஆனால் அந்தக் கடையில் இல்லை.

காஞ்சிபுரத்துக் கடையில் ஒரு சின்னப் பெண் வேலை பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கழுத்துத் துணியையும் என்னையும் பார்த்தாள். டேப் என்று அவள் சொன்ன ஒரு டேப்லெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஏதேதோ அமுக்கி, நேராக அவர் கையில் கொடுத்தாள். “விரலால எழுதிப் பாருங்க சார்.”

அவர் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுதினார். கோணல் மாணலாக எழுதியது கீழே அச்செழுத்தாக மாறிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் ஒரு பொத்தானை அமுக்கினாள். டேப் பேசியது: “சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்?”

இத்தனை மாசத்தில், நான் நடுவில் நின்று சொல்லாமல் அவரே கேட்ட முதல் கேள்வி அது. அந்தப் பெண் பதில் சொல்ல ஆரம்பித்தாள், அவரிடமே. நான் உடனே பணத்தை எடுத்து எண்ணினேன். ஆனால் அவர் முகம் இருண்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். டேப்பை அட்டைப் பெட்டியோடு பீரோவில் வைத்து மூடிவிட்டார்.

எடுக்கவே இல்லை. நான் எடுத்து வெளியே வைப்பேன், அவர் உள்ளே வைப்பார். சார்ஜ் போடுவேன், பிடுங்கி வைப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “வாங்கிக் குடுத்தும் இன்னாத்துக்குப் பூட்டி வெச்சிக்கினு கீற?” என்று கத்தினேன். பேனாவை எடுத்துக் காலண்டர் தாளின் பின்பக்கம் அழுத்தி எழுதினார்: பொம்பளக் குரல்ல நான் பேசணுமா?

அது எனக்குத் தோன்றவே இல்லை. கடையில் கேட்டது ஒரு பெண்ணின் குரல் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவர் கேள்வி கேட்டார் என்றுதான் என் காதில் விழுந்திருந்தது.

அன்று மத்தியானம் முழுக்கத் தையலை ஓரமாக வைத்துவிட்டு டேப்போடு உட்கார்ந்தேன். எங்கேயோ தொட்டால் எங்கேயோ போனது. ஒரு முறை முழுசாக இந்திக்கு மாறி, திரும்பக் கொண்டுவருவதற்குள் வியர்த்துவிட்டது. கடைசியில் குரல் என்று போட்டிருந்த இடத்தில் வரிசையாக நான்கைந்து இருந்தன. ஒவ்வொன்றாக அமுக்க அமுக்க யார் யாரோ வணக்கம் சொன்னார்கள். ஒன்று ஆண் குரல். அவர் குரல் போல இல்லை. அவருடையது கரகரப்பானது, கழனிக்கு அந்தக் கரையில் இருப்பவனைக் கூப்பிட்டே உரத்துப் போன குரல். இது நியூஸ் வாசிக்கிறவர் குரல். இருந்தாலும் ஆம்பளை.

அவர் மடியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். டேப் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, மேடையில் பேசுகிற மாதிரி சொன்னது: “இன்னாமே. பண்ணிக்கினு. கீற.”

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கோட்டுப் போட்ட ஆபீசர் ஒருவர் எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து என்னை இன்னாமே என்று கூப்பிடுகிறார். வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. இருமல் என்று பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் சிரித்தால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் டிராக்டருக்காக ஒரு போன் வந்து, எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பழைய வாடிக்கைக்காரர், மானாம்பதிக்காரர். நான் திரும்பக் கூப்பிடப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டு என் கணவரே கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, டேப்பைப் பக்கத்தில் வைத்தார். “வணக்கம்” என்றது டேப். “சொல்லுங்க.”

“லோன்லாம் வேணாம்பா” என்று அந்தப் பக்கம் கட் செய்துவிட்டார்.

என் கணவர் இன்னொரு முறை கூப்பிட்டார். டேப் மறுபடி, “வணக்கம்” என்றது. “காலங்காத்தால பேஜார் பண்ணாதீங்கபா!” மறுபடி கட். எனக்குப் பதைப்பாக இருந்தது. “நானே பேசறேன், குடு” என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. உட்கார்ந்து எழுதினார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். பிறகு மூன்றாவது முறை கூப்பிட்டார். போனை எடுத்ததும் டேப் சொன்னது: “கட் பண்ணாத. நான்தான் பேசறேன். டிராக்டர்காரன். தொண்ட போச்சி, மிசின் பேசுது. உன் கழனி மேட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமா?”

கட் ஆகிவிட்டதோ என்று போனை எட்டிப் பார்த்தேன்.

“அண்ணே?” என்று வந்தது. “நீயா அண்ணே பேசற?” பிறகு, “பள்ளத்துப் பக்கம்ணே. தண்ணி கட்டி வெச்சிக்கீறேன். சாயங்காலம் வண்டிய அனுப்பு” என்றார்.

அப்புறம் போன்கள் என்னிடம் வருவது குறைந்தது. ஊர்க்காரர்கள் அந்த நியூஸ் குரலுக்குப் பழகிவிட்டார்கள். டிரைவர் மட்டும் அந்தக் குரலைக் கேட்டதும், “சரிங்க சார், சரிங்க சார்” என்று நின்றுகொண்டே பேசுவதாகச் சொன்னார்கள். என் கணவரை அவன் அதற்கு முன் சார் என்று கூப்பிட்டதே இல்லை.

ஆனால் வீடு அமைதியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேச வழி வந்ததும் வெளியே போகவும் வேண்டும் என்று ஆரம்பித்தார். ஒரு நாள் தென்னேரிப் பக்கம் உழவு நடக்கிற இடத்துக்கு டிரைவரோடு போய் நின்றுவிட்டு, சாயங்காலம் இருமிக்கொண்டே வந்தார். கழுத்துத் துணி பழுப்பேறியிருந்தது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் டேப்பை எடுத்து எழுத ஆரம்பித்தார். கோபத்தில் இருக்கிறவள் ஒருவர் எழுதி முடிக்கிறவரைக்கும் எப்படி நிற்பாள்? நான் பின்பக்கம் போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து முழுச் சத்தத்தில் கேட்டது: “நான் இன்னும் முடிக்கல.”

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “யாருமே அது, வூட்டுக்கு ஆபீசர் யாருனா வந்துகீறாங்களா?”

“எங்க வூட்டுக்காரருதான்கா” என்றேன்.

துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அவர் அமுக்கினார். “எல்லாத்துக்கும் நீயே பேசி, நீயே போய் வந்தா, நான் இன்னாத்துக்கு இந்த வூட்ல கீறேன்?”

அந்த ஆபீசர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கண்ணில் அது இருந்தது. துணிகளை மடித்துக்கொண்டே இருந்தேன். போகாதே என்று சொல்லத்தான் வாய் வந்தது.

“சரி, போ” என்றேன். “மூஞ்சில துணி கட்டிக்கினு போ.”

விரலால் நிதானமாக எழுதினார். டேப் சொன்னது: “மூஞ்சில இல்ல. கழுத்துல.”

மறுநாள் வெளியே கிளம்பியவரை நிற்க வைத்து, பழைய மல் துணியை இரண்டாக மடித்துத் துளைக்கு மேல் நானே கட்டிவிட்டேன். டேப்பை மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். டிராக்டர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, மனசில்லாமல் உள்ளே வந்தேன்.