நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க

கோயமுத்தூர் வெயிலில் ஒரு பெண் கம்பளி ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், அவள் மேலேயிருந்து வந்தவள் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளை அப்படித்தான் நின்றாள். கிட்டே போனதும் நீலகிரித் தைல வாசனை.

"மேலயா?" என்றேன்.

"ஆமாங்கக்கா. குந்தா."

ஊட்டி, குன்னூர், குந்தா எல்லாமே எங்களுக்கு 'மேலே'தான். மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்து மிச்சமுள்ள உலகம் முழுக்க 'கீழே'.

நானும் ஸ்வெட்டரோடு இறங்கியவள்தான். அதுவும் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு.

பத்தாவதோடு நின்றவள் நான். எஸ்டேட் பக்கம் வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தினார்கள், கூடவே நானும் நின்றுவிட்டேன். அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனேன். அப்போதுதான் எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர், கீழே ஒரு நர்சிங் ஸ்கூலில் பத்தாவது முடித்தவர்களை உதவி நர்ஸ் படிப்புக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னார். எழுதிப் போட்டோம், இடம் கிடைத்துவிட்டது. கோழி அறுத்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறவள் நான். இதை யாரும் யோசிக்கவில்லை. எனக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

செய்தி லயத்து வீடுகளில் பரவிய அன்றே என் சொந்தப் பேர் போய்விட்டது. ஆரம்பித்து வைத்தது மல்லிகாக்கா. தேயிலைக் காட்டில் எனக்கு அடுத்த நிரையில் பறிக்கிறவள்.

"ஏம்மா நர்ஸம்மா, இடுப்பு புடிச்சிக்கிச்சி. ஒரு ஊசி போடுறியா?"

"அவ ஒனக்கு எங்க போடுவா? ரத்தத்தப் பாத்தா அவளுக்கே ஒன்னு போடணும்" என்பாள் இன்னொருத்தி. மலையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்பதையும் உங்களிடம் மறைப்பானேன்? கூடையோடு நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. நல்ல மூடுபனி. பக்கத்து நிரையில் செடி அசைந்தது. மல்லிகாக்கா என்றுதான் நினைத்தேன். அவளுக்கு முன்னால் படுத்திருந்த காட்டெருமை எழுந்திருக்கிறது. "மாடு! மாடு!" என்று சத்தம் கேட்டபோது அது அவளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. தொடை கிழிந்திருந்தது.

"நர்ஸம்மாவக் கூப்பிடுங்க! நர்ஸம்மா எங்க?"

நானும் திரும்பிப் பார்த்தேன், எந்த நர்ஸ் வந்திருக்கிறார்கள் என்று. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் புரிந்தது. ஒருத்தி முகத்திலும் கேலி இல்லை. வழி விட்டார்கள்.

உட்கார்ந்தேன். தலைத்துண்டை அவிழ்த்தேன். காயத்துக்கு மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா, காயத்தின் மேலேயே கட்டுவதா? இறுக்கினால் செத்துப்போவாளோ, இறுக்காவிட்டால் செத்துப்போவாளோ? துண்டு கையிலேயே இருந்தது. இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏதாச்சும் செய்யி நர்ஸம்மா."

"நான் இன்னும் படிக்கலக்கா."

வேறென்ன சொல்ல முடியும்? மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிகளை அவிழ்த்து விரித்து, அவளை அதில் ஏற்றிக் கொழுந்து லாரிவரை தூக்கிப் போனார்கள். நான் பின்னால் அவளுடைய கூடையைச் சுமந்துகொண்டு ஓடினேன். அதற்குத்தான் லாயக்கு.

அன்று சாயங்காலம் அம்மாவிடம், "நான் போகலம்மா" என்றேன்.

"இன்னையோட பேரு வெட்டியாச்சு புள்ள" என்றாள் அம்மா. வேலையை விட்டுப் போகிறவர்களின் பேரை ஆபீசில் வெட்டிவிடுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாலும் பேர் கூப்பிட மாட்டார்கள். மேலே பேர் இல்லை, கீழே இன்னும் எழுதவில்லை.

அப்பா அடுப்படியில் இருந்தபடியே சொன்னார்: "பயந்தா அங்க போயி பயப்படு. அங்கனா பக்கத்துலயே டாக்டர் இருப்பாரு."

கிளம்பிய அன்று நானும் அம்மாவும் குன்னூரில் இறங்கி மல்லிகாக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்தோம். கால் முழுக்கக் கட்டு. போகவில்லை என்று இவளிடம் சொல்லிவிடலாம், இவளாவது புரிந்துகொள்வாள், அம்மாவிடமும் பேசுவாள் என்று நினைத்துத்தான் கட்டிலருகே போனேன். அவள் பக்கத்துப் படுக்கைக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இதுதான் எங்க நர்ஸம்மா. படிக்கப் போவுது." கேலியாகச் சொல்லியிருந்தால் வாயைத் திறந்திருப்பேன். "வாரேன்க்கா" என்று வந்துவிட்டேன்.

கீழே இறங்கும் பஸ் பர்லியாறு தாண்டும்போது காது அடைத்துக்கொண்டது. சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே கழுத்தில் தண்ணீர் வழிந்தது. வேலை செய்யாமல் வியர்க்கும் என்பது எனக்குத் தெரியாது.

"அம்மா, காய்ச்சல் அடிக்குது. திரும்பிரலாம்."

அம்மா என் நெற்றியைத் தொட்டாள். பிறகு தன் நெற்றியைத் தொட்டாள். "எனக்கும்தான் அடிக்குது" என்றாள் பயந்துபோய். கண்டக்டர்தான் சிரித்தார்: "ஏனுங்கம்மா, காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. வெயிலுங்க. மொதல்ல அந்த ஸ்வெட்டரக் கழட்டச் சொல்லுங்க."

குந்தாப் பிள்ளை நேற்று, "திரும்பிப் போயிரலாமான்னு இருக்குங்கக்கா" என்றாள். வார்டில் யாராவது "நர்ஸக் கூப்பிடுங்க" என்று கத்தினால் இன்றைக்கும் முதலில் திரும்பித்தான் பார்க்கிறேன். அப்புறம்தான் ஓடுகிறேன். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

போன தடவை மேலே போனபோது எஸ்டேட்டே மூடிக் கிடந்தது, லயத்துக்குக் கூரை இல்லை. டிஸ்பென்சரி வாசலில் உண்ணிச்செடி ஆளுயரம். காட்டெருமை இரண்டு, எங்கள் வீடு இருந்த இடத்தில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. மல்லிகாக்காவை மகன் திருப்பூருக்குக் கூட்டிப் போனதாகச் சொன்னார்கள். எந்தத் தெரு என்று சொல்ல ஆளில்லை. அன்று அவளுக்குப் போடத் தெரியாத கட்டை இப்போது கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். காயத்தின் மேலேயேதான் அழுத்திக் கட்ட வேண்டும். இங்கே எல்லாருக்கும் நான் சிஸ்டர். நர்ஸம்மா என்று யாரும் கூப்பிடுவதில்லை.